சாய்தளத்தில் காய்ந்த சாமை

ராஜவேலு புளிய மரத்திலிருந்து விழுந்து, வேலூர் ஆஸ்பத்திரியில் பல மாதம் கிடந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் மலைக்குத் திரும்பிய நாளில் ஊர் ஜனம் அவன் வாசலில் நின்று அழுதது. மங்கம்மாளும் போனாள். வலது கையை வலது முழங்காலில் ஊன்றி, ஓர் அடிக்கு ஒரு முறை உடம்பைக் குனித்து நிமிர்த்தி அவள் போய்ச் சேர்வதற்குள் அழுகை பாதி அடங்கிவிட்டிருந்தது.

கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தாள். கண்ணீர் வரவில்லை. வாசலைத்தான் திரும்பிப் பார்த்தாள். எத்தனை பேர். பக்கத்து ஊர்க் கவுண்டர்கூட வந்திருந்தார். ஒருத்தி முட்டை கொண்டுவந்திருந்தாள். இன்னொருத்தி தேன். அவன் பெண்டாட்டி அன்பரசியை நாலு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

என் காலுக்கு யார் வந்தார்கள் என்று நினைத்தாள்.

அவளுக்குக் கால் போனது யாருக்கும் நினைவில்லை. நடக்கத் தொடங்குவதற்கு முன்பே ஒரு காய்ச்சலில் போன கால் அது. நடந்தவன் விழுந்தால் ஊருக்கு அது இழப்பு. நடக்காதவள் நடக்காமல் இருந்தால் அவளுக்கு அதுதான் இயல்பு என்று விட்டுவிடுவார்கள். கால் சூம்பியிருந்தாலும் மங்கம்மாள் நடந்தாள், அது வேறு விஷயம். உண்டு உறைவிடப் பள்ளியின் கருங்கல் படிகளை ஏறிப் பத்தாவது முடித்தாள். பேருந்தின் உயரமான படியைக் கம்பியைப் பிடித்துத் தொங்கி ஏறினாள். கண்ணமங்கலம் சந்தைக்குத் தனியாகப் போய் வந்தாள். "மங்கம்மா ஏறாத படி எங்க கீது" என்று ஊரில் சொல்வார்கள். அந்த ஒரு பேச்சுதான் அவளுடைய நகை நட்டு எல்லாம்.

கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டில் இருந்தாள். அறுவடைக் காலத்தில் பெண்கள் சங்கத்துக்காக ரோட்டோரம் மரக்கிளையில் தராசைக் கட்டிச் சாமை எடை போடுவாள். முள் நின்ற பிறகும் ஒரு மூச்சு நேரம் பொறுத்துத்தான் எடையைச் சொல்வாள். அதனால் அவள் எடையை யாரும் இன்னொரு முறை போட்டுப் பார்ப்பதில்லை.

சங்கத்துக்குக் கட்டடம் கட்டப் பணம் வந்தது. சாமையைச் சுத்தம் பண்ணி, உமி நீக்கி, மூட்டை பிடிக்கிற கூடம். உள்ளே மின்சாரத் தராசு, அதன் முன்னால் ஒரு நாற்காலி, அந்த நாற்காலிக்கு மாதச் சம்பளம். உட்காரப் போவது மாற்றுத்திறனாளியாக இருக்க வேண்டும் என்று பணம் கொடுத்தவர்கள் சொல்லியிருந்தார்கள். சங்கத் தலைவி தமிழரசி அதை ஊர்க் கூட்டத்தில் சொன்னபோது எல்லோரும் மங்கம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள். நாற்காலியின் நிறம்கூட மனசில் வந்துவிட்டது.

ராஜவேலு விழுந்தது அதற்கு அடுத்த மாசியில். அவன் பன்னிரண்டாவது படித்தவன். புளி குத்தகைக்காரரிடம் கணக்கு எழுதியவன். ஊரில் இப்போது நாற்காலிக்கு இரண்டு பேர்.

ஆனாலும் மங்கம்மாளுக்கு ஒரு தைரியம் இருந்தது. கட்டடம் சரிவில் நின்றது. மழைத்தண்ணீர் ஏறாமலிருக்க மேஸ்திரி சின்னராசு மூன்று அடி உயரத்துக்கு அடித்தளம் போட்டு, வாசலில் முரட்டுப் படிகள் வைத்திருந்தார். முழங்கால் உயரப் படிகள். சிமெண்ட் காய்ந்ததுமே மங்கம்மாள் ஒருநாள் போய் ஏறிக் காட்டினாள். மேலே நின்று மூச்சு வாங்கியபடி கீழே பார்த்தாள்.

"இன்னாக்கா, இப்பவே குடி வந்துட்டியா" என்றார் சின்னராசு.

"படி நல்லா கீது மேஸ்திரி. இத மாத்தாதீங்க."

சக்கர நாற்காலி இந்தப் படியை ஏறாது. அவ்வளவுதான் கணக்கு. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அதை எடுத்து ஒரு முறை பார்த்துவிட்டு வைத்துவிடுவாள், வெற்றிலைப் பையைத் திறந்து பார்த்து மூடுவதுபோல.

பிறகு கவியா வந்தாள். கட்டடத்தைப் பார்வையிடப் பணம் கொடுத்தவர்கள் அனுப்பிய பொறியாளர். சின்னப் பெண். கையில் டேப்பு. படிகளைப் பார்த்ததும் ஜீப்பிலிருந்து இறங்காமலேயே தலையை ஆட்டினாள்.

"சாய்தளம் எங்க?"

"மேடம், வண்டி ஏத்தணும்னா பலக போட்டுக்கலாம்" என்றார் சின்னராசு.

"பலகைல மூட்டைய ஏத்தலாம். ஆள ஏத்த முடியாது. பொதுக் கட்டடத்துக்குச் சாய்தளம் இருக்கணும்னு சட்டமே இருக்குது."

சின்னராசு அடுத்த வாரமே ஒரு சாய்தளம் கட்டினார். மலையில் மொபெட்டை வீட்டுக்குள் ஏற்றுவதற்கு எல்லோரும் கட்டுகிற மாதிரி, குறுகலாக, செங்குத்தாக, வழவழவென்று பூசி. ராஜவேலுவை அழைத்துவந்து வண்டியோடு ஏற்றிப் பார்த்தார்கள். பாதியில் முன்சக்கரம் அந்தரத்தில் தூக்கியது. அன்பரசி பின்னால் நின்று நெஞ்சைக் கொடுத்துத் தாங்கியிராவிட்டால் அவன் மல்லாந்திருப்பான்.

"ஒரு தடவ மரத்துலருந்து வுழுந்தது போதும் மேஸ்திரி. இதுலருந்து வேற வுழணுமா" என்று ராஜவேலு சிரித்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். மங்கம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய சிரிப்பு உள்ளே நடந்தது. அதோடு ஒன்றைக் கவனித்தாள்: அவனுக்குத் தாங்க ஒரு நெஞ்சு இருக்கிறது. அவள் பள்ளிக்கூடப் படியில் உருண்டபோது தாங்கியது அடுத்த படி.

கவியா மறுபடி வந்து அதை இடிக்கச் சொன்னாள். ஓர் அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்றாள். மூன்று அடிக்கு முப்பத்தாறு. நேராகப் போட இடமில்லை. போய்த் திரும்பி வருகிற மாதிரி மடக்கி, திரும்புகிற இடத்தில் வண்டி நின்று இளைப்பாற ஒரு சமதளம் வைக்கச் சொன்னாள். தரை சொரசொரப்பாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் கம்பி. கம்பியும் ஒன்றல்ல, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு.

"மேல் கம்பி நிக்கறவங்களுக்கு. கீழ் கம்பி வண்டியில வர்றவங்களுக்கு" என்றாள்.

"அவனுக்குன்னு தனியா ஒரு கம்பி" என்றாள் மங்கம்மாள், பக்கத்தில் நின்ற தமிழரசியிடம்.

"ஆமாண்டி. உனக்கும் வேணும்னா வாங்கித் தர்றேன், காதுல மாட்டிக்க."

படிகளையும் கவியா விடவில்லை. முரட்டுப் படிகளை உடைத்து, பக்கவாட்டில் உயரம் குறைந்த, அகலமான படிகளாக மாற்றச் சொன்னாள். மங்கம்மாள் அதில் ஏறிப் பார்த்தாள். மூச்சே வாங்கவில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்தப் படியை யார் வேண்டுமானாலும் ஏறுவார்கள். இதில் ஏறியதற்கு ஊரில் யார் பேசுவார்கள்.

திறப்பு நாள் மார்கழியில் குறித்தார்கள். அன்று கவியா கடைசி முறையாக வருவாள். வண்டியில் இருப்பவர் யார் கையும் படாமல் தானே ஏறி உள்ளே போய்த் திரும்ப வேண்டும், அதைப் பார்த்தால்தான் கட்டடம் தேறியதாக எழுதுவேன் என்று சொல்லியிருந்தாள். தமிழரசி அதோடு தன் பேச்சையும் சேர்த்துக்கொண்டாள்.

"நாற்காலி யாருக்குன்னும் அன்னிக்கே சொல்லிடறேன். தானா உள்ள வர முடிஞ்சவங்கள்ல ஒருத்தர்."

தானாக உள்ளே வர முடிந்தவர்களில் ஒருத்தர். மங்கம்மாள் இதைப் பல தடவை சொல்லிப் பார்த்தாள். அவனால் அன்றைக்கு ஏற முடியாமல் போனால் மிச்சம் ஒருத்தர்தான்.

அந்த வருஷம் கார்த்திகை முழுக்க மழை. அடித்த சாமை ஈரத்தோடு எல்லா வீட்டிலும் கோணியில் கிடந்து வாடை எடுத்தது. மார்கழி பிறந்ததும் பெண்கள் வெயிலைத் தேடி அலைந்தார்கள். பாறையில் பனி. ரோட்டில் ஜீப்பு. களத்தில் இன்னும் சேறு.

இந்த மலையில் தானியம் காயப்போடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஓர் இடத்தில் ஒருத்தி முதலில் போட்டுவிட்டால் அது அன்றைக்கு அவள் இடம். மற்றவர்கள் அவளை ஒட்டிப் போட்டுக்கொள்ளலாம். காய்ந்ததை வாரி எடுப்பதும் அவள்தான் முதலில். அவள் வாராமல் அடுத்தவள் கைவைத்தால் மணி கலந்து சண்டை வரும். காய்கிற தானியத்தின்மேல் யாரும் கால் வைப்பதில்லை. மாடு மிதித்தால்கூட மாட்டுக்காரன் வந்து தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவான்.

திறப்பு நாள் விடியலில் மங்கம்மாள் ஒரு கோணிச் சாமையை இழுத்துக்கொண்டு கட்டடத்துக்குப் போனாள். சாய்தளம் தெற்குப் பார்த்துக் கிடந்தது. கல்லும் இல்லை, சேறும் இல்லை. சரிவாக இருந்ததால் தண்ணீர் தங்காது. சாமை காயவைப்பதற்கென்றே கட்டியதுபோல இருந்தது. அவள் சாய்தளத்தின் அடியில் தொடங்கி, பின்னால் நகர்ந்தபடியே சமதளம்வரை கையால் பரப்பினாள். இரண்டு தரம் கால் தடுமாறியது. பக்கத்திலேயே கம்பி இருந்தது. தொடவில்லை. அது அவனுக்கு வைத்தது.

தண்ணீருக்குப் போன பெண்கள் பார்த்தார்கள். தங்கள் கோணிகளை எடுத்துவர வீட்டுக்குத் திரும்பினார்கள். வெயில் ஏறுவதற்குள் சமதளத்திலிருந்து மேல்வாசல்வரை ஆளுக்கு ஒரு பாயளவு சாமை விரிந்துவிட்டது. சாய்தளம் முழுக்க மங்கலான பழுப்பு நிறம்.

ராஜவேலு வந்தான். எண்ணெய் தேய்த்து வாரிய தலை, வெள்ளைச் சட்டை. அன்பரசி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சாய்தளத்தின் அடியில் நிறுத்தினாள். நிறுத்தியவள் பார்த்தாள். அவனும் பார்த்தான்.

"யாரு போட்டது?" என்றாள் அன்பரசி.

பெண்கள் மங்கம்மாளைப் பார்க்காமல் பார்த்தார்கள். அவள் வாசல் மேடையில், புதுப்படியை ஏறி வந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஈரமா கீது. காயட்டும்னு போட்டேன்" என்றாள்.

"இன்னிக்கா?"

"வெயிலு இன்னிக்குத்தான் வந்துது."

வெயில் உண்மையிலேயே அன்றைக்குத்தான் வந்திருந்தது. தமிழரசி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவளுடைய சாமையும் அதில் ஒரு பாயளவு கிடந்தது.

ராஜவேலு துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டான். "காயட்டும். எனக்கு இன்னா, நின்னா கால் வலிக்கப் போவுதா" என்றான்.

பெண்கள் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். மங்கம்மாள் அதையும் பார்த்தாள். அவன் சொன்னால் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. அவள் காலைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னால் எல்லோரும் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பேசுவார்கள்.

ஜீப்பு வந்தது. கவியா இறங்கினாள். சாய்தளத்தைப் பார்த்து ஒரு கணம் ஒன்றும் புரியாமல் நின்றாள்.

"என்ன இது? எடுங்க எல்லாத்தையும். நான் வேற இடத்துக்கும் போகணும்."

யாரும் அசையவில்லை.

"முதல்ல போட்டவ வாரணும் மேடம்" என்றாள் தமிழரசி.

"முதல்ல போட்டது யாரு?"

இப்போது எல்லோரும் மங்கம்மாளை நேராகவே பார்த்தார்கள். அவள் தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தால் போதும். இந்தப் பெண் கோபப்பட்டுக் கிளம்பிவிடுவாள். அவன் ஏறவில்லை என்று ஆகும். உட்கார்ந்திருந்தாலே போதும்.

கவியாவுக்குப் பொறுமை போய்விட்டது. ஷூக்காலோடு சாமைக்குள் இறங்கப் போனாள்.

"மேடம், மிதிக்காதீங்க" என்று குரல் வந்தது. ராஜவேலு. வண்டியை முன்னால் உருட்டி அவளுக்குக் குறுக்கே நிறுத்தியிருந்தான். "அது சாமைங்க. அந்தக்கா ஒத்தக் கையால வெதச்சி அறுத்தது. பொறுங்க. வாருவாங்க."

கவியா காலைப் பின்னால் எடுத்துக்கொண்டாள். ஜனத்தின் முகம் அவன் பக்கம் சாய்வதை மங்கம்மாள் மேலேயிருந்து பார்த்தாள். காற்றில் கதிர் சாய்வதுபோல மொத்தமாக.

அவளுக்கு வயிறு எரிந்தது. ஊர் அழுத கால் அவனுக்கு. தாங்குகிற நெஞ்சு அவனுக்கு. தனிக் கம்பி அவனுக்கு. இப்போது நல்லவன் என்கிற பேரும் அவனுக்கே போகப் போகிறது. அதுவும் அவளுடைய சாமையை வைத்து. இதையாவது அவனுக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது.

எழுந்தாள். துடைப்பத்தையும் முறத்தையும் எடுத்துக்கொண்டு படியிறங்கிச் சுற்றி வந்தாள். சாய்தளத்தின் ஓரமாகவே சமதளம்வரை போய், கம்பிக்குள் குனிந்து நுழைந்து, அங்கிருந்து கீழ்நோக்கிக் கூட்டத் தொடங்கினாள். அவள் கூட்டத் தொடங்கியதும் மேலே பெண்கள் தங்கள் தங்கள் சாமைக்கு ஓடினார்கள்.

ஒரு கையில் துடைப்பம். இன்னொரு கை முழங்காலில் இருக்க வேண்டும், ஆனால் அதில் முறம். சாமை மணி கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு, காலடியில் உருளும். சரிவில் வலது கால் நழுவியது. முறத்தைப் போட்டுவிட்டுக் கைக்கு எட்டியதைப் பிடித்தாள்.

கீழ்க் கம்பி.

பிடித்தபடி நின்றாள். அவள் குனிந்து நடக்கிறவள். நாற்பது வருஷமாக அவளுடைய கை முழங்காலுக்குத்தான் இறங்கும், வேறு எதற்கும் அந்த உயரம் இல்லை. பேருந்துக் கம்பி மேலே இருக்கும். மாடிப்படிக் கம்பி தோளுக்கு வரும். இந்தக் கம்பி அவள் கை தானாகத் தொங்குகிற இடத்தில் இருந்தது. அளவெடுத்து வைத்ததுபோல. அவள் அளவை யாரும் எடுக்கவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி வைத்தாள். முழங்காலை அழுத்தாமல் வைத்த அடி. இன்னொன்று வைத்தாள்.

கீழேயிருந்து ராஜவேலு வாரிக்கொண்டு வந்தான். வண்டியிலிருந்து குனிந்து, கையெட்டும் தூரம்வரை சாமையைக் கூட்டி, மடியில் வைத்த கூடையில் அள்ளிப் போட்டுக்கொண்டு, சுத்தமான இடத்துக்கு வண்டியை நகர்த்தி. நடுவில் இருவரும் எதிரெதிராக வந்துவிட்டார்கள்.

"உன்ன யாரு வாரச் சொன்னா?" என்றாள்.

"நீ வார்றதுக்குள்ள பொழுது சாஞ்சிடும்."

"முதல்ல போட்டவ தான் வாரணும்."

"முதல்ல யாரு போட்டான்னு எனக்குத் தெரியும்கா. ஏன் போட்டன்னும் தெரியும்."

அவள் கூட்டினாள். சக்கரத்தில் ஒட்டியிருந்த மணிகளைத் துடைப்பத்தால் தட்டினாள், கொஞ்சம் வேகமாகவே.

"நான் கட்டில்ல கெடந்தப்போ உன்னத்தான் பாத்துகினு இருப்பேன்" என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. "வூட்டு முன்னால தெனம் போவியே. ஒரு காலாவது கீதே இவளுக்குன்னு அவ்ளோ வயித்தெரிச்சல். நான் உன்னப் பாத்து எரியறேன். நீ என்னப் பாத்து எரியற. நம்ம ரெண்டு பேரப் பாத்து எரியறதுக்கு ஊர்ல ஒருத்தன் இல்ல பாரு."

மங்கம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை உதட்டை மடித்து நிறுத்தினாள்.

"நகருடா. சக்கரத்துக்கு அடியில இன்னும் ரெண்டு பிடி கெடக்குது" என்றாள்.

சாய்தளம் வெறுமையானதும் ராஜவேலு ஏறினான். அன்பரசி கீழேயே நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கை சக்கரத்திலும் ஒரு கை கம்பியிலுமாக இழுத்து ஏறினான். சமதளத்தில் நின்று மூச்சு வாங்கினான். திரும்பி ஏறினான். வாசலுக்குள் போனான். வண்டிக்கு இரண்டு பக்கமும் இடம் மிச்சமிருந்தது. உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வந்தான். கவியா எழுதிக்கொண்டாள்.

தமிழரசி தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் தானா வந்தாங்க. அத எல்லாரும் பாத்தோம். எட போடறது மங்கம்மா. முள்ளு நிக்கற வரைக்கும் பொறுக்கறவ அவதான். ராஜவேலு, உனக்கு வருத்தம் இருந்தா இப்பவே சொல்லிடு."

"இல்லக்கா."

"வழியில சாமையப் போட்டது தப்பு. நாங்களும் போட்டோம், நாங்க ஆளுக்கு ஒரு படி சாமை கோயிலுக்குத் தண்டம் குடுத்துடறோம். ஆனா முதல்ல போட்டவளுக்கு வேற தண்டம். மங்கம்மா, தெனம் காத்தால இந்தச் சாய்தளத்த நீதான் பெருக்கணும். மேலருந்து கீழ வரைக்கும். ஒரு மணி கெடந்தாலும் கூப்ட்டுக் கேப்பேன்."

மங்கம்மாள் தலையாட்டினாள். உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். அது நீல நிறம். அவள் பச்சை என்று நினைத்திருந்தாள். தராசில் ஒரு பிடி சாமையை வைத்தாள். எண்கள் ஓடி நின்றன. நின்ற பிறகும் ஒரு மூச்சு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளுக்குப் பின்னால் உள்ளே வரவில்லை.

வெளியே பேச்சுக் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

எல்லோரும் ராஜவேலுவைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி அவன் தோளைத் தடவினாள். "போவுது வுடு தம்பி, வேற எதுனா வரும்" என்றாள். சின்னராசு அவனுக்கு டீ வாங்கி வந்திருந்தார். கவியாகூட ஜீப்பில் ஏறாமல் அவனிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். அன்பரசி அழுதாள், அவளை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். அவன் வாசலில் அன்றைக்கு நின்ற அதே கூட்டம். முட்டையும் தேனும்தான் குறை.

வேலை கிடைத்தவள் தராசின் முன்னால் உட்கார்ந்து இதைப் பார்த்தாள். ஜன்னலை மூடிவிடலாம் என்று நினைத்தாள். மூடவில்லை. ஒன்றுவிடாமல் பார்த்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு கதவைப் பூட்டினாள். படிக்குப் போகவில்லை. சாய்தளத்தில் இறங்கினாள், கீழ்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நிமிராமல், அவசரமில்லாமல். பார்க்க யாரும் இல்லை. சமதளத்துக்கு வந்ததும் நின்றாள். ராஜவேலு எந்த இடத்தைப் பிடித்து ஏறினான் என்று உள்ளங்கையால் தடவித் தேடினாள்.

வெயிலில் கம்பி முழுக்க ஒரே சூடாக இருந்தது.